அருவருப்பும் திருவிருந்தும்: சேலத்துச் சபையிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

மற்றவர்களும் தொடர்ந்து படிக்க வசதியாக, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் உங்கள் சபையில் ஒரு பெண்மணி இருக்கிறார். லாரி ஓட்டிய கணவரை எய்ட்ஸ் நோயில் இழந்தவர். அவருக்கும் எச்.ஐ.வி. தொற்று உண்டு என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. யாரும் அவரைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அவருடைய மகளின் கல்லூரிக் கட்டணத்தைக்கூடச் சபையார்தான் கட்டுகிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் பருகும் திருவிருந்து ஞாயிறுகளில் அவர் எல்லாருக்கும் கடைசியாக வருவது என்ற வழக்கம் தானாக உருவாகிவிட்டது. அவர் பருகியபின் மீந்த திராட்சரசத்தை ஆலய வளாகத்தில் ஒரு செடியடியில் ஊற்றிவிடுகிறார்கள். இப்போது ஆளுக்கொரு சிறு கிண்ணம் வாங்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. நல்லவர்கள் ஏன் இப்படி நடக்கிறார்கள், பரிசுத்தத்தைப் போதிக்கும் சபையால் எல்லாரையும் சேர்த்துக்கொள்ள முடியுமா, நான் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

சேலத்தில் மனநல ஆலோசகராக இருப்பவன் நான். சங்ககிரி, நாமக்கல் பக்கத்து லாரித் தொழில் குடும்பங்கள் பலவற்றை அறிவேன். நீங்கள் விவரித்தது வேறு சபைகளிலும் நடக்கிறது.

மருத்துவம் சொல்வதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோம். எச்.ஐ.வி. உமிழ்நீரால் பரவுவதில்லை. ஒரே கிண்ணத்தில் பருகுவதால், ஒரே தட்டில் உண்பதால், கைகுலுக்குவதால் அது யாருக்கும் தொற்றாது. இந்தியாவில் அரசு மருத்துவமனைகள் 2004 முதல் கூட்டு மருந்துகளை இலவசமாகத் தருகின்றன. அவற்றைத் தவறாமல் எடுத்து, இரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூட அது பரவுவதில்லை. சளி, காய்ச்சல் போன்றவை பொதுக் கிண்ணத்தால் பரவ வாய்ப்புண்டு என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான பேச்சு. ஆனால் சளி பிடித்த யாரையும் உங்கள் சபை கடைசி வரிசைக்கு அனுப்பியிருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு மருத்துவரை அழைத்து இதையெல்லாம் சபைக்கு விளக்கச் சொல்லுங்கள் என்பதே எல்லாரும் தரும் ஆலோசனை. செய்யலாம், தவறில்லை. விளக்கத்திற்குப் பிறகு சிலர் நிம்மதியாகிவிடுவார்கள். அவர்களிடம் இருந்தது பயம். சிலர் தலையாட்டிவிட்டு அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் நிற்பார்கள். அவர்களிடம் இருப்பது அருவருப்பு. பயம் தகவலுக்குக் கட்டுப்படும், அருவருப்பு கட்டுப்படாது. இந்த வேறுபாடு புரிந்தால் உங்கள் கேள்வியில் பாதி தெளிவாகிவிடும்.

அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் உடன் பணியாற்றியவர்களும் 1986இல் வெளியிட்ட சோதனை ஒன்று இத்துறையில் மிகவும் பேசப்படுவது. கிருமி நீக்கிய செத்த கரப்பான்பூச்சி ஒன்றைப் பழச்சாற்றில் நனைத்து எடுத்துவிட்டு, குடிக்க விருப்பமா என்று கேட்டார்கள். கிருமி இல்லை என்பது கலந்துகொண்டவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சாற்றின்மீது அவர்களுக்கு இருந்த விருப்பம் சட்டென்று சரிந்தது. இன்னொரு சோதனையில் இரண்டு புட்டிகளில் சர்க்கரையைப் போட்டு, ஒன்றில் சர்க்கரை என்றும் மற்றொன்றில் நச்சுப்பொருளின் பெயரையும் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டியவர்கள் அவர்களேதான். பிறகு அந்த இரண்டாவது புட்டியின் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க அவர்களே தயங்கினார்கள்.

உங்கள் சபைக்கு இன்னும் நெருக்கமானது ரோசின் குழுவினர் 1990களில் செய்த ஆய்வு. எய்ட்ஸ் நோயாளி ஒருவர் பயன்படுத்திய ஸ்வெட்டர், படுக்கை போன்றவற்றை நீங்கள் பயன்படுத்துவீர்களா என்று கேட்டு, மக்கள் விலகுவதற்கான காரணத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். தொற்றிவிடும் என்ற எண்ணம் அதில் ஒரு பகுதி மட்டுமே. அந்நியர் என்ற விலகல் ஒரு பகுதி. ஒழுக்கக்கேட்டின் கறை என்ற எண்ணம் ஒரு பகுதி. நான்காவது என்னை மிகவும் பாதித்தது: துரதிர்ஷ்டம். விபத்தில் காலை இழந்தவர் பயன்படுத்திய பொருளிடமும் மக்கள் ஓரளவு தயங்கினார்கள். அவரிடமிருந்து தொற்றுவதற்கு எதுவுமே இல்லை. உங்கள் சபையின் அந்த அம்மாளைப் பாருங்கள். விதவை, நோயாளி, கணவரின் நடத்தை பற்றிய ஊர்ப்பேச்சைச் சுமப்பவர், லாரித் தொழிலோடு பிழைக்க வந்த வெளியூர்க் குடும்பமாகவும் இருக்கலாம். நான்கு காரணங்களும் ஒரே ஆள்மேல் விழுகின்றன. மருத்துவரின் விளக்கம் ஒன்றை மட்டுமே நீக்கும்.

அருவருப்புக்கென்று ஒரு கணக்கு உண்டு. குடம் பாலில் துளி விஷம் விழுந்தால் குடம் முழுவதும் வீண். குடம் விஷத்தில் துளி பால் விழுந்து எதுவும் நல்லதாவதில்லை. அசுத்தம் எப்போதும் வலிமையானது, சுத்தம் எப்போதும் உடையக்கூடியது. இந்தக் கணக்கை வேதாகமமே அறிந்திருக்கிறது. ஆகாய் தீர்க்கதரிசி இரண்டாம் அதிகாரத்தில் ஆசாரியர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார். பரிசுத்த மாம்சத்தை வஸ்திரத் தொங்கலில் கொண்டுபோகிறவன் அந்தத் தொங்கலால் அப்பத்தைத் தொட்டால் அப்பம் பரிசுத்தமாகுமா? ஆகாது என்கிறார்கள். பிணத்தால் தீட்டுப்பட்டவன் தொட்டால் தீட்டாகுமா? ஆகும் என்கிறார்கள். ரோசின் ஆய்வகத்தில் கண்டது அந்த இரண்டு பதில்களில் அப்படியே இருக்கிறது.

சுவிசேஷங்களைப் படிக்கும்போது இந்தத் திசை தலைகீழாக மாறுவதைக் கவனியுங்கள். மாற்கு முதலாம் அதிகாரத்தில் இயேசு குஷ்டரோகியைத் தொடுகிறார். தீட்டு அவருக்கு வரவில்லை, சுகம் அவனுக்குப் போகிறது. ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் வருந்திய பெண் கூட்டத்துக்குள் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். நியாயப்பிரமாணத்தின்படி அவள் தொட்டவர்களெல்லாம் தீட்டு. அங்கேயும் வல்லமைதான் அவரிடமிருந்து புறப்படுகிறது. அவரைப் பற்றிய முறுமுறுப்புகளில் முக்கியமானது பந்தியைப் பற்றியது: “இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்.” மத்தேயு ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் ஓசியாவின் வாக்கை எடுத்து, பலியையல்ல இரக்கத்தையே விரும்புகிறேன் என்பதன் கருத்தைப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வதும் ஒரு சாப்பாட்டு மேசையில் அமர்ந்துதான். பரிசுத்தம் தொற்றும் என்பதே அந்த மேசையின் நம்பிக்கை. அந்தக் கிண்ணத்தில் மீந்ததைச் செடியடியில் ஊற்றும் கை இதற்கு நேர் எதிரான நம்பிக்கையை அறிக்கையிடுகிறது.

நல்லவர்கள் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்பதுதான் உங்களை மிகவும் வருத்துகிறது என்று தெரிகிறது. கல்லூரிக் கட்டணம் கட்டிய கை கிண்ணத்தை ஒதுக்குகிறதே என்கிறீர்கள். இரண்டும் ஒரே மனதில் சண்டையில்லாமல் குடியிருக்க முடியும். கொடுப்பதற்கு எச்சில் கலக்க வேண்டியதில்லை. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே, நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளி அருவருப்புக்கு வசதியானது. சேர்ந்து உண்பதும் ஒரே கிண்ணத்தில் பருகுவதும் அந்த இடைவெளியை அழிப்பவை. அதனால்தான் தாராளமாகக் கொடுக்கிற சபைகள்கூடப் பந்தியில் தடுமாறுகின்றன. உங்கள் சபையாரின் தர்மத்தைப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். அது உண்மையானது, ஆனால் இந்த வேலையை அதனால் செய்ய முடியாது.

எச்சில் என்பது எவ்வளவு ஆழமான விஷயம் என்பதற்கு உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1955இல் எளிய உதாரணம் தந்தார். வாயிலுள்ள உமிழ்நீரை விழுங்கச் சொன்னால் யாருக்கும் சிரமமில்லை. அதையே ஒரு டம்ளரில் துப்பிவிட்டுக் குடிக்கச் சொன்னால் குமட்டும். ஒரு நொடிக்கு முன் நம்முடையதாக இருந்தது, உடலின் எல்லையைத் தாண்டியதும் அந்நியமாகிவிடுகிறது. சபை என்பது ஒரே சரீரம் என்று பவுல் எழுதியதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். யாருடைய எச்சில் குமட்டுகிறதோ அவரை நாம் நமது சரீரத்திற்கு வெளியே வைத்திருக்கிறோம்.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இந்தக் கிண்ணத்திற்கு நீண்ட பின்கதை உண்டு, சேலமும் அதில் இருக்கிறது. மதுரை மிஷனைச் சேர்ந்த கத்தோலிக்க இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி 1623இல் வடக்கே பயணமாகி சேந்தமங்கலம், சேலம் பகுதிக்கு வந்தார். மேல்சாதியார் தம்மை ஏற்கவேண்டும் என்பதற்காக அவர் பிராமண சந்நியாசியைப் போல் உடுத்தினார், மரக்கறி மட்டும் உண்டார். அதன் விலை பிறகு தெரிந்தது. சந்நியாசி வேடத்துக் குருக்களால் ஒடுக்கப்பட்ட மக்களோடு நெருங்கிப் பழக முடியவில்லை; அவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் அமைப்பு 1640 வாக்கில் உருவானது. 1704இல் புதுச்சேரியில் போப்பின் தூதரான தெ தூர்னோன் ஓர் ஆணை வெளியிட்டார். அதிலுள்ள இரண்டு கட்டளைகளைப் பாருங்கள். ஞானஸ்நானத்தில் குருவானவர் தம் உமிழ்நீரைத் தொட்டு வைக்கும் சடங்கை இங்குள்ள மக்கள் அருவருக்கிறார்கள் என்று மிஷனரிகள் விட்டுவிட்டார்கள். அதை விடக்கூடாது என்பது ஒன்று. நோயுற்ற பறையர் கிறிஸ்தவர்களின் வீட்டுக்குள் குருக்கள் நுழைந்து திருவருட்சாதனங்களை வழங்கவேண்டும் என்பது மற்றொன்று. உமிழ்நீரும் வீட்டு வாசலும் ஒரே ஆணையில் வந்தது தற்செயல் அல்ல என்றே கருதுகிறேன். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு செவிடனைச் சுகமாக்கும்போது உமிழ்ந்து அவன் நாவைத் தொட்டதன் நினைவு அந்தச் சடங்கு. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. எழுதிய ஆணையால் குமட்டல் நிற்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

புராட்டஸ்டண்டுகளும் இதே கல்லில்தான் இடறினார்கள். 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாடு சபையில் அடியோடு ஒழியவேண்டும் என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள், ஒடுக்கப்பட்டவர் சமைத்த உணவை உண்ண மறுப்பவர்களைச் சபையில் சேர்க்கக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். சேலத்தில் 1827இல் பணியைத் தொடங்கிய இலண்டன் மிஷனரி சங்கம் சாதி விஷயத்தில் கண்டிப்பான பக்கத்தில் நின்றது. ஜெர்மன் லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷன் இளகிய பக்கத்தில் நின்றது. உணவே உண்மையான சோதனை என்று கண்டுகொண்டதில் 1850ஆம் ஆண்டு மிஷனரிகள் சரியாகத்தான் கணித்தார்கள். ஆனால் அந்தச் சோற்றை ஒரு தேர்வாக ஆக்கிவிட்டார்கள். மிஷனரியின் முன் ஒரு கவளம் உண்டு தேறியவர் வீட்டுக்குப் போய்ப் பழையபடியே இருக்கலாம். பழக்கமாகும் உணவு மட்டுமே மனதை மாற்றும்.

பேதுருவின் கதையும் அதையே காட்டுகிறது. “தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே” என்ற சத்தத்தை அப்போஸ்தலர் பத்தாம் அதிகாரத்தில் கேட்டவர் அவர். கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைந்தவரும் அவர். பின்பு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் விலகிப் பிரிந்தார் என்று கலாத்தியர் நிருபத்தில் பவுல் எழுதுகிறார். அவர் விலகியது அருவருப்பால் அல்ல, பார்க்கிறவர்களுக்குப் பயந்து. உங்கள் சபையிலும் பாதிப் பேர் இப்படித்தான் என்று துணிந்து சொல்வேன். அவர்களுக்குக் குமட்டவில்லை. பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் சம்பந்தி என்ன நினைப்பார் என்று பார்க்கிறார்கள். அந்தச் சம்பந்தியும் அதையே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியவில்லை. ஏற்காட்டில் மே மாதங்களில் நடக்கும் இளைஞர் முகாம்கள் சிலவற்றில் ஒரு ரோஜாவைக் கைக்குக் கை மாற்றி அனுப்பி, கடைசியில் கசங்கிய பூவை உயர்த்திக் காட்டி, இதை யார் விரும்புவார் என்று பெண்பிள்ளைகளிடம் கேட்பார்கள். கற்பைப் பற்றிய போதனையாம். அதைக் கேட்ட பெண்கள் பிறகு என் முன் அமர்ந்து அழுதிருக்கிறார்கள். சிறுவயதில் உறவினரால் துன்புறுத்தப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. சீட்டுப் பணத்தை ஏமாற்றியவர் சபையில் “விழுந்துவிட்டார்”. சில ஆண்டுகளில் எழுந்து கமிட்டிக்கும் வந்துவிடுகிறார். பொய், பேராசை, வட்டிக்கொடுமை எல்லாவற்றுக்கும் மீட்பு உண்டு. உடலோடு சேர்ந்த பாவத்திற்கு மட்டும் அழுகல், கறை, கசங்கல் என்ற பேச்சு. கறைப்பட்டது திரும்பாது என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் சபையின் அம்மாள் சுமப்பதும் இந்தப் பேச்சைத்தான். அவர் எந்தப் பாவமும் செய்யவில்லை. அருவருப்பு அதை விசாரிப்பதே இல்லை.

கையைக் கழுவினால் குற்றவுணர்வு குறைகிறது என்ற 2006ஆம் ஆண்டு ஆய்வைப் பிரசங்கங்களில் மேற்கோள் காட்டுகிறார்கள். பின்னர் மற்றவர்கள் அதைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. அதன்மேல் எதையும் கட்டாதீர்கள்.

பரிசுத்தத்தையே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். பிள்ளைகளைத் துன்புறுத்துகிறவனை ஞாயிறு பள்ளியிலிருந்து வெளியேற்றத்தான் வேண்டும், கொரிந்து சபைக்குப் பவுல் கடுமையாக எழுதியதற்கும் இடமுண்டு. அங்கே கேள்வி தீங்கைப் பற்றியது: யாருக்கு ஆபத்து, எப்படிக் காப்பது. தீங்கைத் தடுக்கும் எல்லைக்குக் காரணம் சொல்ல முடியும், அளவும் இருக்கும். அருவருப்பு போடும் எல்லைக்கு அளவில்லை. இன்று கிண்ணம், நாளை நாற்காலி, பிறகு கல்லறைத் தோட்டத்தில் இடம். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், பானம்பண்ணுவதைப் பற்றிய கொரிந்தியர் நிருப வசனத்தை உங்கள் கமிட்டியில் யாராவது எடுத்தால், அதே அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னால் இருப்பதையும் வாசிக்கச் சொல்லுங்கள். சிலர் முந்தித் தின்று இல்லாதவர்களை வெட்கப்படுத்தினார்கள் என்பதே பவுலின் கோபம்.

இனி என்ன செய்யலாம். தனித்தனிச் சிறு கிண்ணங்கள் தம்மளவில் தவறல்ல. 1890களில் அமெரிக்காவில் கிருமி பற்றிய அறிவு பரவியபோது வந்தவை அவை, கொரோனாவுக்குப் பின் நம்மூர்ச் சபைகள் சிலவும் அவற்றுக்கு மாறின. ஆனால் உங்கள் சபை இப்போது வாங்கினால் அந்தத் தட்டைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அது எதற்காக வந்தது என்று தெரியும். அந்த அம்மாளுக்கும் தெரியும். இப்போது வாங்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

தீர்வு உங்கள் ஆராதனை முறையிலேயே இருக்கிறது. எல்லாரும் பருகியபின் மீந்ததை ஆயர் அருந்தி முடிப்பதே பழைய ஒழுங்கு. அவர் அதை மறுபடி செய்யட்டும், எல்லார் கண்ணுக்கும் முன்பாக, விளக்கம் எதுவுமின்றி. பேதுருவை விலகச் செய்தது பார்க்கிறவர்களின் கண் என்றால், அதே கண்ணுக்கு வேறொன்றைக் காட்டவேண்டும். பிறகு வரிசை. கடைசி இடம் அவருக்கென்று நிலைத்துவிடாதபடி ஒரு ஞாயிறு இடப்பக்கத்திலிருந்தும் அடுத்த ஞாயிறு வலப்பக்கத்திலிருந்தும் பந்தி தொடங்கட்டும். அவருக்குப் பின் பருக நீங்களும் இரண்டு மூன்று நண்பர்களும் இயல்பாகப் போய் அமருங்கள். சபை விருந்துகளில் காய் நறுக்குவதற்கும் பரிமாறுவதற்கும் அவரை அழையுங்கள். ஆல்போர்ட் 1954இல் முன்வைத்து, அதன்பின் பலர் சோதித்துப் பார்த்த கருத்து இது: வெறும் சந்திப்பைவிட, சம நிலையில், ஒரே வேலைக்காக, தலைமையின் ஆதரவோடு சேர்ந்து உழைப்பதே வெறுப்பை அதிகமாகக் குறைக்கும். சிறுவர்களையும் மறக்காதீர்கள். இப்படித் தொட்டால் ஒட்டும் என்ற அருவருப்பு சின்னஞ்சிறு குழந்தைகளிடம் இருப்பதில்லை. ஏழெட்டு வயதளவில்தான் உறுதிப்படுகிறது. உங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அந்த வரிசையைப் பார்த்து இப்போது கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இவற்றில் எதையும் கமிட்டியில் அவர் பெயரைச் சொல்லித் தொடங்காதீர்கள். நம்பிக்கையின் பேரில் தெரிந்துகொண்ட ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் அது அவருடைய விஷயம். முதலில் அவரிடம் போங்கள், வீட்டுக்கே போங்கள், அவர் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டுப் பேசுங்கள். வரிசை மாறுவதை அவர் விரும்புகிறாரா, எல்லார் பார்வையும் தம்மேல் விழுவதை அஞ்சுகிறாரா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் சில மாதங்கள் பொறுத்திருங்கள். சரி என்றால் ஆயரைத் தனியாகச் சந்தித்து, மீந்த ரசத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். அவர் மறுத்தால் என்ன காரணம் சொல்கிறார் என்பதை எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்போம்.